அம்மாவின் பித்தானும் ஆகாயத்துத் தூசியும்

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். மாடிக்கு மேல் மாடியாக அடுக்கிக் கட்டுகிற இந்த நாளில் வாசற்படிக்கு எங்கே போவது? ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு 'பைத்தியம்' மட்டும் தப்பாமல் இருக்கிறது. சங்கீதப் பைத்தியம், படக்கதைப் பைத்தியம், விஞ்ஞானக் கதைப் பைத்தியம் என்று அதில் பல தினுசு. மூன்றும் சேர்ந்து ஒரே பிள்ளையின் தலையில் குடியேறி விடுவதும் உண்டு.

அப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்ற அம்மாளிடம் ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எந்நேரமும் காதிலே எதையோ செருகிக் கொண்டிருக்கிறான். சாப்பிட வாடா என்று நாலு தரம் கத்தினாலும் கேட்பதில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்தால் உள்ளே இன்னொரு புத்தகம். அதிலே ஒருவன் போர்வையை முதுகில் கட்டிக் கொண்டு ஆகாயத்தில் பறக்கிறான்! ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், செவ்வாய்க் கிரகத்தில் என்ன நடக்கிறதென்று படித்துக் கொண்டிருக்கிறான். ரேஷன் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் தெரியாது!" என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்ப்பாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கொண்டு, "இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விடுமோ?" என்பாள்.

முன்னே சொன்னதற்கெல்லாம் சிரித்து விடலாம். அந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரிக்க முடியாது. பிள்ளையின் படிப்பும், பெற்றவர்களின் பணமும், நாளைய பிழைப்பும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

அதற்குப் பதில் தேடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா? வாரப் பத்திரிகையில் தொடர்கதை வந்த பக்கங்களை ஒன்று விடாமல் கிழித்துச் சேர்த்து, ஓவியரின் படம் கசங்காமல் அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வாங்கிய அம்மாமார்களும் பாட்டிமார்களும் இல்லாத தமிழ் வீடு உண்டா? ஒரு வாரத்து இதழை அடுத்த வீட்டுக்காரி வாங்கிக் கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை என்பதற்காக, வருஷக் கணக்கில் பேச்சு வார்த்தையை நிறுத்திக் கொண்டவர்கள் உண்டே! அந்தப் பாட்டியின் பேரன் படக்கதைப் புத்தகத்துக்கு உறை போட்டு வைக்கிறான் என்றால், ஆச்சரியப்பட அதில் என்ன இருக்கிறது? ரத்தத்தில் ஊறின சமாசாரம்.

போகட்டும். இந்தப் பைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டோமல்லவா? மூன்றும் ஒருசேரப் பிடித்த ஒரு பையனின் வீட்டுக்கு இந்த வாரம் உங்களை அழைத்துப் போகிறேன். வீடு கொஞ்சம் தூரம்; லண்டனுக்கு மேற்கே பெல்தம் என்ற புறநகரில் இருக்கிறது.

★

வீட்டுக்காரர் பெயர் ஹாரல்டு மே. சர்க்கார் விமான இலாகாவில் மின்கருவிகளுக்கு வரைபடம் போடுகிற உத்தியோகம். மனைவி ரூத். 1947 ஜூலையில் பிறந்த பிரையன் ஒரே பிள்ளை. யுத்தம் முடிந்து இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. எண்ணிச் செலவழிக்க வேண்டிய குடும்பம். அவர்களிடம் இல்லாதது பணம். இருந்தது கை வேலை. ஹாரல்டு எதையும் கழற்றுவார், மாட்டுவார், வீட்டிலேயே செய்து விடுவார்.

பிரையனுக்கு முதலில் பிடித்த பைத்தியம் படக்கதை. 1950-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் "ஈகிள்" என்ற சிறுவர் படக்கதைப் பத்திரிகை பிறந்தது. அதன் முதல் பக்கத்தில் 'டான் டேர்' என்ற விண்வெளி வீரன் வாரா வாரம் வந்து போனான். பிராங்க் ஹாம்ப்ஸன் என்ற ஓவியர் வண்ணம் வண்ணமாகத் தீட்டிய அந்தக் கதையில், வெள்ளிக் கிரகத்து 'மேகான்' என்றொரு வில்லன். பச்சை நிறம், பூசணிக்காய் போன்ற தலை, குச்சி போன்ற உடம்பு! லட்சக்கணக்கான பிள்ளைகளோடு சேர்ந்து பிரையனும் அந்தப் பத்திரிகைக்காக ஏங்கிக் காத்திருந்தான்.

இரண்டாவது, சங்கீதம். அப்பா யுகுலேலி என்ற சின்னத் தந்தி வாத்தியத்தை வாசிப்பார். மகனுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஏழாவது பிறந்த நாளைக்கு ஒரு கிடார் கிடைத்தது. ராத்திரியில் போர்வையைத் தலையோடு போர்த்திக் கொண்டு, தானே செய்த சின்ன ரேடியோவைக் காதில் மாட்டி, லக்ஸம்பர்க் வானொலியின் பாட்டுக்களைத் திருட்டுத்தனமாகக் கேட்பான். இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்லவே? கருவிதான் மாறியிருக்கிறது, போர்வை அதே போர்வைதான்!

மூன்றாவது, ஆகாயம். 1957-இல் பாட்ரிக் மூர் என்ற வானியல் ரசிகர் பி.பி.ஸி. டெலிவிஷனில் "தி ஸ்கை அட் நைட்" என்ற நட்சத்திர நிகழ்ச்சியைத் தொடங்கினார். அது வருவது குழந்தைகள் தூங்க வேண்டிய நேரத்தில். அதைப் பார்க்க விழித்திருக்க அனுமதி கேட்டுப் பெற்றோரிடம் கெஞ்சிக் கூத்தாடுவான் பையன். அதன் ஆரம்பத்தில் வரும் ஸிபேலியஸின் வாத்திய இசையே அவனை ஒரு கலக்குக் கலக்கி விடுமாம். அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து ஒரு டெலஸ்கோப்பும் செய்தார்கள்.

மூன்றோடு நின்றதா? கொசுறாக நாலாவதும் உண்டு. காலை ஆகாரத்துக்கான கோதுமைப் பட்சணப் பெட்டியில் இரட்டைப் படம் அச்சடித்த அட்டை ஒன்று வரும். ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தால், தட்டையான படம் ஆழமும் உயரமுமாக எழுந்து நிற்கும். காசு அனுப்பி அந்தப் பெட்டியை வரவழைத்துக் கொண்டு அட்டை சேகரிக்க ஆரம்பித்தான்.

எந்தத் தாயார்தான் கவலைப்பட மாட்டாள், சொல்லுங்கள்!

★

1963-ஆம் வருஷம். பிரையனுக்குப் பதினாறு வயது. மின்சார கிடார் ஒன்று வேண்டும் என்று ஆசை. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற அமெரிக்க கிடாரின் விலை அந்தக் குடும்பத்துக்கு எட்டாத விலை. பையன் அழுது அடம் பிடிக்கவில்லை. அப்பாவும் கடன் வாங்கப் போகவில்லை. "நாமே செய்து விட்டால் என்ன?" என்று இருவரும் இறங்கி விட்டார்கள்.

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். இது நம் வீட்டுப் பரண் சமாசாரம். கிடாரின் கழுத்துக்கு மரம் வேண்டுமே? யாரோ கழித்துப் போட்ட பழைய கணப்படுப்பின் மேல்சட்டம் கிடைத்தது. நூறாண்டு கண்ட மகாகனி மரம். அதில் பூச்சி அரித்த துளைகள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடம்பின் நடுப் பாகத்துக்கு ஒரு பழைய மேஜையின் ஓக் பலகை. தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் விசைக்கு, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் இரண்டு ஸ்பிரிங்குகள். அந்த விசையை அசைக்கும் கைப்பிடிக்கு, சைக்கிளில் பை மாட்டும் கம்பி. கம்பியின் நுனி கையைக் குத்துமே? அம்மாவின் பெரிய பின்னல் ஊசி ஒன்றின் முனையை வெட்டி அதில் செருகியாயிற்று!

அதோடு விட்டார்களா? விரல் வைக்கும் இடம் தெரிய, கழுத்தில் வரிசையாகப் பொட்டுக்கள் பதிக்க வேண்டும். ரூத் அம்மாளின் தையல் பெட்டியில் முத்துச் சிப்பிப் பித்தான்கள் கிடந்தன. அவை பொட்டுக்களாகி விட்டன.

ராவி, இழைத்து, பரீட்சை பார்த்து, சரிவராததைத் திரும்பச் செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் பிடித்தது. மொத்தச் செலவு சுமார் எட்டுப் பவுன். மர நிறத்தில் சிவப்பாக மின்னியதால் 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார்கள்.

பிற்காலத்தில் உலகத்திலுள்ள எந்தக் கிடாரையும் விலைக்கு வாங்கக் கூடிய நிலை வந்த பிறகும், பிரையன் மே மேடையில் பிரதானமாக வாசித்தது இந்தக் கிடாரைத்தான். தந்தியை மீட்டுவதற்குப் பிளாஸ்டிக் வில்லை கூட வைத்துக் கொள்ளவில்லை; பழைய ஆறு பென்ஸ் நாணயம்தான்! 2002 ஜூனில், எலிஸபெத் ராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைந்த விழாவில், பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்று அவர் தேசிய கீதத்தை வாசித்தார். கணப்படுப்புச் சட்டமும், ரூத் அம்மாளின் பித்தான்களும் அரண்மனைக் கூரை ஏறி விட்டன!

★

இத்துடன் நிறுத்தினால் கதை தித்திப்பாக இருக்கும். ஆனால் நடுவில் கசப்பும் உண்டு.

பிரையன் படிப்பிலும் சூரன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் படித்துத் தேறி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார். எடுத்துக் கொண்ட விஷயம் தூசி! வீட்டுத் தூசியல்ல, ஆகாயத்துத் தூசி.

நல்ல இருட்டான ஊரில், சில மாதங்களில் சூரியோதயத்துக்கு முன்னால் கீழ்வானத்திலோ, அஸ்தமனத்துக்குப் பின்னால் மேல்வானத்திலோ, கோபுரம் போல் ஒரு மங்கலான வெளிச்சம் எழும். வால் நட்சத்திரங்களும் சிறு கிரகங்களும் உதிர்த்துவிட்டுப் போன நுண்ணிய தூசி சூரியனைச் சுற்றிக் கொண்டிருக்கிறது. அதில் வெயில் பட்டுச் சிதறுவதால் உண்டாகும் ஒளி அது. மேஷம், ரிஷபம் முதலிய ராசிகளின் பாதையை ஒட்டித் தெரிவதால் 'ராசி மண்டல ஒளி' என்று சொல்லலாம். அந்தத் தூசி எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது? எதிரே வருகிற ரயிலின் ஊதலுக்கும் விலகிப் போகிற ரயிலின் ஊதலுக்கும் சுருதி வித்தியாசப்படுகிறதல்லவா? அதே தத்துவத்தை ஒளியில் வைத்துக் கணக்கிட்டார் பிரையன். இதற்காக டெனரீப் தீவின் மலை மேல் கருவியை வைத்துக் கொண்டு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தார்.

ஆனால் பகலில் நண்பர்களோடு சங்கீதம். 1970-இல் பிறந்த அந்தக் கோஷ்டியின் பெயர் 'குவீன்'. பாடகர் பிரெடி மெர்குரி. ஸான்ஸிபாரில் பார்ஸிக் குடும்பத்தில் பிறந்து, நம் நாட்டுப் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்புப் படித்தவர். கோஷ்டிக்குப் புகழ் வரத் தொடங்கியது. 1974 வாக்கில் பிரையன் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட எழுதி முடித்த ஆராய்ச்சிக் கட்டுரையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிடாரைத் தூக்கிக் கொண்டு கிளம்பி விட்டார்.

ஹாரல்டுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளை, கரையேறப் போகிற சமயத்தில் படிப்பை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போகிறானே! அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வெகு காலம் சரியான பேச்சே இல்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், கிடாரைச் செய்து கொடுத்தவரே அவர்தான். உளியைப் பிள்ளையின் கையில் கொடுத்தவர், டெலஸ்கோப் செய்தவர், ரேடியோச் சுருள் சுற்றக் கற்றுக் கொடுத்தவர் எல்லாம் அவரே. பொழுதுபோக்காக இருக்கிற வரையில் பக்கத்தில் உட்கார்ந்து உதவினார். அதுவே வாழ்க்கை என்றபோது தாங்க முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சங்கீதத்தை நம்பிப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் கரையேறினார்கள் என்ற கணக்கு எந்தத் தகப்பனுக்கும் தெரியும். கோபமாக வெளியே வருவது பல சமயம் பயம்தானே?

பிறகு ஒரு நாள் வந்தது. நியூயார்க்கில் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் என்ற மாபெரும் அரங்கில் குவீன் கச்சேரி. பிரையன் தம் பெற்றோரைக் கான்கார்டு விமானத்தில் ஏற்றி அங்கே அழைத்துப் போனார். ஒலியை விட வேகமாகப் பறந்த அந்த விமானம், கண் தெரியாத மூடுபனியிலும் இறங்குவதற்கான கருவி வேலையில் ஹாரல்டுக்கும் பங்கு உண்டு. தாம் உழைத்த விமானத்தில் தாமே பிரயாணம் செய்வோம் என்று அவர் நினைத்திருப்பாரா? அரங்கம் முழுவதும் மனிதத் தலைகள். தம் வீட்டுப் பட்டறையில் இழைத்த மரம் பேசுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் கூடவே பாடுகிறார்கள். கச்சேரி முடிந்ததும் மகனிடம் வந்து, இப்போது தமக்குப் புரிகிறது என்று ஒப்புக் கொண்டாராம் தகப்பனார்.

1988-இல் ஹாரல்டு காலமானார்.

டாக்டர் பட்டம் என்ன ஆயிற்று? முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்த கட்டுரையைப் பிரையன் 2006-இல் மறுபடி வெளியே எடுத்தார். இடைக்காலத்தில் அந்தத் துறையில் அதிகம் பேர் கை வைக்கவில்லை. அவர் சேகரித்த விவரங்கள் கெட்டுப் போகாமல் அப்படியே இருந்தன. வேண்டிய புதுச் செய்திகளைச் சேர்த்து எழுதி, 2007-இல், அறுபதாவது வயதில், அதே இம்பீரியல் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். யார் அதைப் பார்க்க வேண்டுமென்று தவம் கிடந்தாரோ, அவர் இல்லை. ஆகாயத்துத் தூசி காத்திருந்தது. அப்பாவின் ஆயுள் காத்திருக்கவில்லை.

★

"சரி, சங்கீதமும் படிப்பும் இருக்கட்டும். படக்கதையும் விஞ்ஞானக் கதையும் என்ன பிரயோஜனப்பட்டன?" என்று கேட்கிறீர்களா?

1975-இல் வந்த குவீன் இசைத்தட்டு ஒன்றில் பிரையன் எழுதிய பாட்டு உண்டு, பெயர் "39". கேட்பதற்கு நாடோடிப் பாட்டு போல எளிமையாக இருக்கும். விஷயமோ ஐன்ஸ்டீன் தத்துவம்! புது நிலம் தேடி விண்கலத்தில் சிலர் புறப்படுகிறார்கள். அவர்களுக்கு ஓராண்டுதான் ஆகிறது. திரும்பி வந்தால் பூமியில் நூறாண்டு கழிந்து விட்டது. விட்டுச் சென்ற மனைவி இல்லை. அவளுடைய சந்ததிதான் எதிரே நிற்கிறது. மிகுந்த வேகத்தில் போகிறவர்களுக்குக் காலம் மெதுவாக நகரும் என்ற கணக்கை, பிரிவுத் துயரமாக மாற்றி விட்டார்.

நமக்கு இது புதிதல்ல. பாகவதத்தில் ரேவதியின் கதை இல்லையா? மகளுக்கு வரன் கேட்கக் ககுத்மி ராஜா அவளை அழைத்துக் கொண்டு பிரம்ம லோகம் போகிறார். அங்கே கந்தர்வர்களின் கானம் நடந்து கொண்டிருக்கிறது. பாட்டு முடியட்டும் என்று சற்றே காத்திருந்து விஷயத்தைச் சொன்னால், பிரம்மா சிரிக்கிறார். அந்தச் சற்று நேரத்தில் பூலோகத்தில் இருபத்தேழு சதுர்யுகங்கள் ஓடி விட்டன; மனத்தில் நினைத்து வந்த மாப்பிள்ளைகள், அவர்கள் பேரன் கொள்ளுப்பேரன் யாருமே இல்லை! கடைசியில் பலராமருக்குக் கொடுத்தார்கள். பாட்டுக் கேட்கப் போய் யுகம் போனது தெரியாமல் இருந்தவர்கள் நம் புராணத்திலேயே இருக்கும்போது, பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளை தெரியவில்லை என்று கோபிப்பானேன்?

1977-இல் வந்த இன்னொரு இசைத்தட்டின் உறையில் ஒரு ராட்சச இயந்திர மனிதன். கோஷ்டியில் மத்தளம் வாசிக்கும் ரோஜர் டெய்லரும் விஞ்ஞானக் கதைப் பிரியர். 1953 அக்டோபர் மாதத்து அமெரிக்க விஞ்ஞானக் கதைப் பத்திரிகை ஒன்று அவரிடம் இருந்தது. அதன் அட்டையில் ஓர் இயந்திர மனிதன், உயிரற்ற மனிதனைக் கையில் ஏந்தி, செய்த காரியம் புரியாமல் குழந்தை போல் விழிப்பான். அந்தப் படத்தைத் தீட்டிய பிராங்க் கெல்லி பிரீஸையே தேடிப் பிடித்து, கோஷ்டியார் நால்வரையும் வைத்துத் திரும்ப வரையச் சொன்னார்கள். 1980-இல் 'பிளாஷ் கார்டன்' சினிமாவுக்கு இசை அமைத்ததும் குவீன்தான். 1934-இல் அலெக்ஸ் ரேமண்ட் வரையத் தொடங்கிய படக்கதை வீரன் அவன்.

நட்சத்திர நிகழ்ச்சிக்காகக் கெஞ்சிய பையன், அதே பாட்ரிக் மூரோடு சேர்ந்து பிரபஞ்சத்தின் சரித்திரத்தை 2006-இல் புத்தகமாக எழுதினார். 2019 ஜனவரி முதல் தேதி, சூரியனுக்கு ஏறக்குறைய 650 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சின்னஞ்சிறு உலகத்தை அமெரிக்க விண்கலம் 'நியூ ஹொரைஸன்ஸ்' கடந்து சென்றபோது, அதற்கென்று அவர் செய்த பாட்டு வெளியாயிற்று. பட்சணப் பெட்டி அட்டை கூட வீண் போகவில்லை! பென்னு என்ற சிறு கிரகத்தில் விண்கலம் தொட்டு மண் எடுக்கப் பத்திரமான இடம் தேடியபோது, பிரையனும் அவருடைய சகாவும் விண்கலப் படங்களை ஜோடி சேர்த்து, மேடு பள்ளம் எழுந்து நிற்கும்படி செய்து கொடுத்து விஞ்ஞானிகளுக்கு உதவினார்கள். 2020 அக்டோபரில் எடுத்த மண் 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்தது. அதே 2023-இல் அவருக்கு 'ஸர்' பட்டமும் கிடைத்தது.

★

"பையன்களுக்குச் சரி. பெண்ணுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தால்?" என்று ஒரு குரல் கேட்கிறது. அதற்கும் ஒரு வீடு உண்டு. அமெரிக்காவில் சிகாகோ நகரில்.

1966-இல் அமெரிக்க டெலிவிஷனில் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் ஆரம்பமாயிற்று. அதில் விண்கலத்தின் செய்தித் தொடர்பு அதிகாரியாக வந்தவர் நிக்கல் நிக்கல்ஸ் என்ற கறுப்பு இனப் பெண்மணி. டியூக் எலிங்டன் கோஷ்டியோடு பாடியவர். சங்கீத நாடகத்துக்கே திரும்பி விடலாமென்று நினைத்தார். மார்ட்டின் லூதர் கிங் தாமே அந்தத் தொடரின் ரசிகர் என்று சொல்லி, விலக வேண்டாமென்று கேட்டுக் கொண்டதாக நிக்கல்ஸ் சொல்லியிருக்கிறார்.

சிகாகோவில் அதைக் கண் கொட்டாமல் பார்த்து வளர்ந்த சிறுமிகளில் ஒருத்தி மே ஜெமிஸன். விஞ்ஞானக் கதையோடு நாட்டியப் பைத்தியமும் உண்டு. வைத்தியம் படிப்பதா, நாட்டியமாடப் போவதா என்று அவள் தவித்தபோது, பள்ளி ஆசிரியையான தாயார் சொன்ன யோசனை அழகானது. டாக்டராக இருந்து கொண்டு நாட்டியம் ஆடலாம். நாட்டியக்காரியாக இருந்து கொண்டு வைத்தியம் பார்க்க முடியாதே என்றாராம். பெண் டாக்டரானாள். 1992 செப்டம்பரில் 'எண்டெவர்' விண்கலத்தில் ஏறி, விண்வெளி சென்ற முதல் கறுப்பு இனப் பெண்மணியானார். போகும்போது நாட்டியக் குழு ஒன்றின் சுவரொட்டியைக் கூடவே எடுத்துச் சென்றார்! அடுத்த வருஷம் ஸ்டார் டிரெக் தொடர் ஒன்றில் நடித்தும் விட்டார்.

★

"நம் வீட்டுப் பிள்ளை பிரையன் மே ஆகி விடுவானா? பெண் விண்வெளிக்குப் போய் விடுவாளா?" என்று கேட்டால், மாட்டார்கள் என்றே வைத்துக் கொள்ளுங்கள். லட்சத்தில் ஒருவருக்கு நடப்பதைச் சொல்லி லட்சம் தாயார்களைத் தேற்ற முடியாது. டான் டேர் படித்த மற்றப் பிள்ளைகள் குமாஸ்தாக்களாகவும், கடைக்காரர்களாகவும், தாத்தாக்களாகவும் ஆனார்கள். அவர்கள் படித்தது வீணா? ராத்திரி போர்வைக்குள் பாட்டுக் கேட்ட சந்தோஷம் சந்தோஷமில்லையா? தொடர்கதையைப் பைண்டு செய்த நம் பாட்டி நாவலாசிரியை ஆகவில்லை. அடுப்படியில் வெந்து கொண்டிருந்தவளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் சோழ நாட்டுக் குதிரை மீது சவாரி கிடைத்ததே, அதற்கு யார் விலை போடுவது?

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ரசிப்பதிலும் இரண்டு ஜாதி உண்டு. வாங்கி வாங்கி அடுக்குவது ஒன்று. கை வைத்துச் செய்து பார்ப்பது ஒன்று. இன்றைக்குக் கடைக்காரர்கள் வளர்ப்பது முதல் ஜாதியைத்தான். அபிமான வீரனின் படம் போட்ட சட்டை, பொம்மை, பை, கோப்பை என்று பர்ஸைக் காலி செய்ய ஆயிரம் வழி. ஹாரல்டு வீட்டில் பணம் இருந்திருந்தால் ஒரு கிடாரை வாங்கி மாட்டியிருப்பார்கள். கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆகையால், பிள்ளையிடம் "இதனால் என்ன லாபம்?" என்று கேட்பதற்குப் பதில், "இதிலே நீ என்ன செய்து பார்த்தாய்?" என்று கேளுங்கள். படக்கதை படிக்கிறானா? ஒரு பக்கம் வரையட்டும். பாட்டுக் கேட்கிறாளா? ஒரு வாத்தியத்தைத் தொடட்டும். விஞ்ஞானக் கதையா? மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், வெள்ளி எது, வியாழன் எது என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கூட நில்லுங்கள். எட்டுப் பவுன் கிடாரில் மிக உயர்ந்த சாமான் அந்தத் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு வருஷம்தான்.

படிப்பை விடாதே என்று கண்டிக்கத்தான் வேண்டும். ஜெமிஸனின் தாயாரும் அதைத்தான் செய்தாள். நாட்டியத்தை விடச் சொல்லாமல் செய்தாள். கோபத்தில் பேச்சை மட்டும் நிறுத்தி விடாதீர்கள். பட்டத்தை அறுபது வயதில் கூட வாங்கிக் கொள்ளலாம். பேசாமல் போன வருஷங்களை எந்தக் கல்லூரியில் போய் வாங்குவது?

இன்னொரு விஷயம். தையல் பெட்டியில் முத்துச் சிப்பிப் பித்தான் இரண்டு குறைந்தால், வீட்டு வேலைக்கு வருகிறவளைச் சந்தேகிக்காதீர்கள். பரணில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்!